ஹெச்பிஏ இணைப்பை யாரிடம் விசாரிப்பது?

சர்வரில் ஒரு வட்டு காணவில்லை என்றதும் ஸ்டோரேஜ் குழுவிடமிருந்து வரும் முதல் கேள்வி, "கார்டு இணைப்பில் இருக்கிறதா?" என்பதுதான். கார்டு என்றால் ஹெச்பிஏ, அதாவது சர்வரை வெளியே இருக்கும் ஸ்டோரேஜோடு இணைக்கும் கார்டு. சர்வர் அறைக்குப் போகாமல், இயங்குதளத்துக்குள் இருந்தபடியே இதற்குப் பதில் தேட லினக்ஸில் நான்கு வழிகள் உண்டு. நான்கும் உண்மையைத்தான் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கண் எட்டும் தூரம் வேறு.

பழக்க தோஷத்தில் பலரும் முதலில் தட்டுவது, சர்வரில் செருகியுள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை. ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கான வலையமைப்பு) கார்டு பிசிஐ ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று அது சொல்லும். கேபிளை உருவி எடுத்துவிட்டுக் கேட்டாலும் அதே வரிதான் வரும். கார்டு செத்துவிட்டதா என்ற சந்தேகத்துக்கு மட்டும் அது உதவும்.

என் வாக்கு, சாதனங்களின் நிலையை லினக்ஸ் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸுக்கு. சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் எஃப்சி-ஹோஸ்ட் என்று இறங்கினால், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் அடைவு இருக்கும். எதையும் நிறுவ வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளை போதும். 'போர்ட் ஸ்டேட்' கோப்பில் 'ஆன்லைன்' அல்லது 'லிங்க்டவுன்'. 'ஸ்பீட்' கோப்பில் தற்போதைய வேகம். அதன் அருகிலேயே 'சப்போர்ட்டட் ஸ்பீட்ஸ்' இருப்பதால் இரண்டையும் ஒப்பிட முடியும். 16 ஜிகாபிட் கார்டு, 16 ஜிகாபிட் சுவிட்ச், நடுவில் வேகம் 8 என்றால் கேபிளையோ ஒளி மாட்யூலையோ சந்தேகிக்கலாம். கார்டின் ஃபர்ம்வேர், டிரைவர் பதிப்பு வேண்டுமென்றால் 'சிம்பாலிக் நேம்' கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். இதற்காகத் தனி மென்பொருள் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற உள்ளடைவு இருக்கிறது. இணைப்பு எத்தனை முறை அறுந்தது, எத்தனை சட்டகங்கள் (தரவுத் துண்டுகள்) சிஆர்சி பிழையோடு, அதாவது வழியில் சிதைந்து, வந்தன என்பதெல்லாம் அதில். எண்கள் பதினாறடிமானத்தில் வரும். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. எல்லா இலக்கமும் 'எஃப்' ஆக நின்றால், அந்தக் கணக்கை டிரைவர் வைத்துக்கொள்வதில்லை என்று பொருள், பதறத் தேவையில்லை. ஒரு தடவை பார்த்த எண்ணுக்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் அது பல மாதக் கூட்டுத்தொகையாக இருக்கலாம். பத்து நிமிடம் விட்டு மீண்டும் பார்த்து, ஏறியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இதே தகவலை சிஸ்டூல் கட்டளை ஒரே பக்கத்தில் திரட்டித் தரும். வசதிதான். ஆனால் சிஸ்எஃப்எஸ்யூட்டில்ஸ் தொகுப்பு இல்லாத சர்வரில் அது இருக்காது. நள்ளிரவில் தொகுப்பு நிறுவ அனுமதி வாங்குவதைவிட நான்கு கோப்புகளைப் படிப்பது சுலபம்.

போர்ட் 'ஆன்லைன்' என்றால் கார்டுக்கும் சுவிட்சுக்கும் இடையே பேச்சுவார்த்தை நடக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சுவிட்சுக்கு அப்பால் ஸ்டோரேஜ் தெரிகிறதா என்பதற்கு எஃப்சி-ரிமோட்-போர்ட்ஸ் அடைவைப் பார்க்க வேண்டும். அதில் 'எஃப்சிபி டார்கெட்' என்ற பாத்திரத்தில் யாரும் இல்லையென்றால் எந்தப் போர்ட் எதனுடன் பேசலாம் என்று சுவிட்சில் வகுக்கும் சோனிங்கைச் சந்தேகிக்கலாம். சோனிங்கில் எழுதும் போர்ட் முகவரியான டபிள்யூடபிள்யூபிஎன்னை சிஸ்எஃப்எஸ் முக்காற்புள்ளி இல்லாமல் பதினாறு இலக்கமாகக் கொட்டும். சுவிட்சோ இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும். நடுவில் கையால் தட்டச்சு செய்கிறவர் ஓர் இலக்கத்தைத் தவறவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

தயாரிப்பாளர் தரும் கருவிகள் வேறு ரகம். கியூலாஜிக் கார்டுகளுக்கு கியூகன்வெர்ஜ்கன்சோல், எமுலெக்ஸ் கார்டுகளுக்கு, முன்பு ஒன்கமாண்ட் மேனேஜர் எனப்பட்ட எமுலெக்ஸ் ஹெச்பிஏ மேனேஜரின் ஹெச்பிஏசிஎம்டி. கியூலாஜிக் 2016இல் கேவியமிடமும், கேவியம் 2018இல் மார்வெல்லிடமும் போயின. எமுலெக்ஸ் 2015இல் அவாகோவிடம் போய், இன்று பிராட்காம் என்ற பெயரில் இருக்கிறது. கருவியைத் தரவிறக்கப் போகும்போது இந்த வம்சாவளி தெரிந்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒன்றின் கருவி மற்றதன் கார்டைக் கண்டுகொள்ளாது. இரண்டு வகையும் கலந்திருக்கும் இடத்தில் இரண்டையும் பராமரிக்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

இருந்தும் ஒரு விஷயத்தில் இவற்றை விட்டால் வழியில்லை. ஒளி மாட்யூல் எவ்வளவு ஒளியை அனுப்புகிறது, எவ்வளவு பெறுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை இவை படிக்கத்தக்க எண்களாகக் காட்டும். மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. அனுப்பும் அளவு சரியாக இருந்து, பெறும் அளவு மட்டும் சரிந்திருந்தால், என் அனுபவத்தில் கேபிள் முனையில் தூசி அல்லது எங்கோ நெரிந்த கேபிள். கார்டின் விளக்கை மினுக்கவைத்து, ரேக்குக்கு முன்னால் நிற்பவரிடம் "மினுக்குவதுதான்" என்று சொல்லவும் முடியும்.

விண்டோஸில் கெட்-இனிஷியேட்டர்போர்ட் கட்டளை, சர்வர் 2012 முதல், முகவரிகளை உடனே தந்துவிடும். வேகமும் நிலையும் வேண்டுமென்றால் விண்டோஸின் நிர்வாகத் தகவல் இடைமுகமான டபிள்யூஎம்ஐயின் வகுப்புகளைக் கிண்ட வேண்டும், அல்லது தயாரிப்பாளர் கருவிக்கே போக வேண்டும்.

லினக்ஸின் நான்கில் மிஞ்சியிருப்பது, ஒரே வட்டுக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாக நிர்வகிக்கும் மல்டிபாத். ஒவ்வொரு வட்டுக்கும் எத்தனை பாதைகள், எவை உயிரோடு இருக்கின்றன என்று சொல்வதால், பல நிர்வாகிகளுக்கு இதுவே இறுதித் தீர்ப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு சர்வரைப் பார்க்கும்வரை. நான்கு பாதைகள், நான்கிலும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்'. குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவிட்ச் ஒன்றுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முந்தைய நாள், வெறும் சந்தேகப் பிராணியாக எஃப்சி-ஹோஸ்டில் 'ஃபேப்ரிக் நேம்' (போர்ட் எந்தச் சுவிட்ச் வலையமைப்பில், அதாவது ஃபேப்ரிக்கில், இருக்கிறது என்ற அடையாளம்) கோப்பை இரு போர்ட்டுகளுக்கும் படித்தேன். இரண்டிலும் ஒரே எண். இரண்டு தனித்தனி ஃபேப்ரிக்குகளில் இருக்க வேண்டிய கேபிள்கள் இரண்டும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருந்தன. சோனிங் செய்தவர் இரு போர்ட்டுகளின் எண்களையும் இரு பக்கமும் சேர்த்துவைத்திருந்ததால், பாதைகள் எண்ணிக்கையில் குறையவே இல்லை. மறுநாள் அந்தச் சுவிட்ச் மறுதொடக்கம் ஆகியிருந்தால் நான்கும் ஒன்றாகப் போயிருக்கும்.

மல்டிபாத் பாதைகளை எண்ணியது சரிதான். அவை எந்தச் சுவிட்ச் வழியாகப் போகின்றன என்பது அதன் வேலையில்லை. இப்போதெல்லாம் புதிய சர்வர் கைக்கு வந்ததும், மல்டிபாத்துக்கு முன்பே அந்த இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்து படித்துவிடுகிறேன். எண்கள் வேறு வேறாக இருக்க வேண்டும்.