ஜப்பானிய வினையும் பெயரடையும்: பள்ளிப் பகுப்பா, பயிற்சி வகுப்புப் பகுப்பா?

ஜப்பானிய மொழியில் வெட்டுவதும் 'கிரு', உடுத்துவதும் 'கிரு'. மரியாதைக்கு 'மஸ்' சேர்த்ததும் வேறுபாடு தெரிந்துவிடும்: வெட்டுவது 'கிரிமஸ்', உடுத்துவது 'கிமஸ்'.

ஜப்பானியப் பள்ளி இலக்கணம் ஹஷிமோட்டோ ஷின்கிச்சி (1882–1945) போட்ட தடத்தில் வந்தது. அதில் வினைகள் ஐந்து வகை: கொதன், கமி இச்சிதன், ஷிமொ இச்சிதன், அப்புறம் 'குரு' (வா), 'சுரு' (செய்) இரண்டுக்கும் தனித்தனி வகை. வெளிநாட்டவருக்கான பயிற்சி வகுப்பில் இரண்டு இச்சிதன்களையும் ஒன்றாக்கி, கடைசி இரண்டையும் ஒன்றாக்கி, மூன்று குழுவாகச் சுருக்குகிறார்கள். சரியான சுருக்கம்தான். 'மிரு' (பார்), 'தபெரு' (சாப்பிடு) இரண்டிலுமே 'ரு'வைக் கழற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் கொதனுக்கு அங்கே வைத்த 'முதல் குழு' என்ற பெயர் எதையும் விளக்குவதில்லை. 'கொதன்' என்றால் ஐந்து படி. 'யொமு' (படி) என்ற வினையைப் பாருங்கள்: யொமனை, யொமிமஸ், யொமு, யொமெபா, யொமோ. ம, மி, மு, மெ, மோ! உயிர்மெய் வரிசை படித்த நமக்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. கடைசி வடிவத்தை 1946-இல் கனா (ஜப்பானிய ஒலியெழுத்து) சீர்திருத்தப்படும் முன் 'யொமவு' என்று எழுதினார்கள்; அதில் வருவது மறுபடியும் 'ம'தான், அதனால் அப்போது இந்த வினைக்கு நான்கு படிதான், பெயரும் 'யொதன்'. வெட்டும் 'கிரு' இப்படித்தான் ர-வரிசையில் ஏறி இறங்குகிறது. உடுத்தும் 'கிரு' 'கி'யை விட்டு நகர்வதில்லை. அதனால்தான் அது இச்சிதன், ஒரு படி. முதல் மாதம் குழு எண் போதும். அதன் பிறகு படிக்கணக்கையும் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

பெயரடையில் என் ஓட்டு பயிற்சி வகுப்புக்கு. 'சமுயி' (குளிரான) தானே காலம் காட்டும்: 'சமுக்கத்தா', குளிராக இருந்தது. அந்த வகுப்பில் அது இ-பெயரடை. 'ஷிசுக்கா-நா மச்சி' (அமைதியான ஊர்) என்பதில் வரும் 'ஷிசுக்கா' நா-பெயரடை. இதைப் பள்ளி இலக்கணம் 'கெய்யோதோஷி', அதாவது பெயரடை-வினை என்கிறது. டொக்கியேதா மோட்டோக்கி (1900–1967) அப்படி ஒரு வகையே வேண்டாம், அது பெயர்ச்சொல்லோடு 'தா' (ஆகும்) சேர்ந்ததுதான் என்றார். 'அமைதி + ஆன' என்று பழகிய நம் காதுக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் 'அமைதி நிலவுகிறது' என்பதுபோல 'ஷிசுக்கா'வை எழுவாயாக வைக்க முடியாது. அதனால் முழுப் பெயர்ச்சொல் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

'கிரெய்' (அழகான) மட்டும் உஷார். 'இ' ஒலியில் முடிந்தாலும் அது நா-பெயரடை. 'கிரெய்க்கத்தா' தவறு, 'கிரெய் தத்தா' சரி. காஞ்சியில் (சீன எழுத்தில்) எழுதினால் 'சமுயி'யின் 'இ' வெளியே கனாவில் நிற்கும், 'கிரெய்'யின் 'இ' காஞ்சிக்குள் அடங்கிவிடும். என்ன செய்வது, 'கிரெய்'யைப் பெரும்பாலும் கனாவிலேயே எழுதுகிறார்கள். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.