விலையைக் கேட்டால் என்ன சொல்வது? பிஜேடி பொம்மைகளோடு என் சென்னை அனுபவம்

பிஜேடி (பால்-ஜாயின்டட் டால்) எனப்படும் பந்துமூட்டுப் பொம்மை வாங்க ஆசைப்படும் சென்னைக்காரர்கள், எந்த நிறுவனம் நல்லது, எந்த அளவு வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லலாம். ஆனால் பல ஆண்டுகளாக இவற்றை வைத்துப் பராமரித்துவரும் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் விலையைக் கேட்பார்கள். பொம்மை வந்து சேர்வதற்குள் அதற்கான பதிலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சில விவரங்கள். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் பந்து போன்ற மூட்டுகளால் ஆன ரெசின் (அச்சில் வார்க்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) பொம்மைகள் இவை. உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றின் இழுவிசையால்தான் உடம்பே நிற்கிறது. ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் 1999-இல் ‘சூப்பர் டால்ஃபி’ என்ற பெயரில் இவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு கொரியாவிலும் சீனாவிலும் சிறு பட்டறைகள் நிறைய முளைத்தன. கண்ணைக் கழற்றி மாற்றலாம், கூந்தலை மாற்றலாம், முகத்தின் வண்ணத்தை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதலாம். 60 செ.மீ. உயரப் பொம்மை சீனப் பட்டறையிலிருந்து வந்தால் இருபதாயிரம் முப்பதாயிரத்தில் தொடங்கும். பெயர்பெற்ற ஜப்பானிய, கொரியத் தயாரிப்புகள் ஐம்பதாயிரத்தைத் தாண்டி ஒரு லட்சத்தையும் தொடுகின்றன.

அதோடு முடிவதில்லை. 2020-இல் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது, 2023-இல் 70 சதவீதமானது. பொருளின் மதிப்பையும் சுங்கத்தையும் கூட்டி, அந்தத் தொகையின்மேல் ஜிஎஸ்டி வேறு. பார்சலை எந்த வகையில் மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். பொம்மைக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு, கூரியர்காரர் கதவைத் தட்டும் நாளில் தடுமாறியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே, வீட்டில் சொல்லும் விலை சுங்கமும் சேர்ந்த விலையாக இருக்க வேண்டும்.

இனி கேள்விக்கு வருகிறேன்.

வீட்டுச் செலவில் பங்குள்ளவர்களிடம் முழுத் தொகையைச் சொல்லிவிட வேண்டும், அதுவும் வாங்குவதற்கு முன்பாக. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்களில் வீட்டிலிருந்தே சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். அந்தப் பணம் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் சேர்கிறது, பொம்மை, துணி, வண்ணம், சுங்கம் எல்லாம் அதிலிருந்துதான். என் கணவருக்கு இந்தப் பொம்மைகள் மீது பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் எந்தப் பணம் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவருடைய அக்கா வந்து விலையைக் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அவரே தொகையைச் சொல்லி, “அவள் உழைத்துச் சேர்த்த பணம் அக்கா” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எத்தனை பலம் என்பதை இந்த விருப்பத்தில் இருக்கிறவர்கள் அறிவார்கள்.

தொகையைக் குறைத்துச் சொல்வதுதான் நம்மிடையே பரவலான வழக்கம். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேளச்சேரியில் இருக்கும் என் தோழி, நாற்பதாயிரம் ரூபாய்ப் பொம்மையை வீட்டில் இரண்டாயிரம் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு விடுமுறையில் நாத்தனாரின் மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள்தானே என்று மாமியார் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். பேத்திக்குப் பாட்டி கொடுத்தது, அதில் என்ன தவறு? வாரக் கடைசியில் பொம்மை திரும்பி வந்தபோது வலது கையில் சுண்டுவிரல் ஒடிந்திருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் ஒரு புருவம் பாதிக்குமேல் கரைந்திருந்தது. தோழியால் அழவும் முடியவில்லை, ஏன் அழுகிறாய் என்றால் பதிலும் இல்லை. பொருளின் மதிப்பு தெரிந்தால்தானே அதைக் கையாளும் பக்குவம் வரும்? உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், பொம்மை பிழைத்திருக்கும்.

உறவினர்களின் கேள்வி வேறு ரகம். பெரும்பாலும் அது தங்கத்தில்தான் போய் நிற்கும்: “இந்தக் காசுக்குத் தங்கம் வாங்கியிருக்கலாமே!” வாங்கியிருக்கலாம்தான், அதை நான் மறுப்பதே இல்லை. இது முதலீடு என்று ஒருபோதும் வாதாடாதீர்கள். குறைந்த எண்ணிக்கையில் வெளியான சில பொம்மைகள் பின்னாளில் கூடுதல் விலைக்குப் போவதுண்டு, மற்றவை வாங்கிய விலைக்குக் கீழேதான் போகும். ரெசின் வெளிச்சத்திலும் காலப்போக்கிலும் மஞ்சளாகும் பொருள். முதலீடு என்று சொல்லி வாயடைத்தால், பின்னால் ஒரு நாள் “விற்றுக் காட்டு” என்பார்கள். “தங்கம் பெட்டகத்தில் இருக்கும் சித்தி, இதை நான் தினமும் பார்க்கிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சித்திக்கு அது முழுத் திருப்தியான பதிலாக இருக்காது. இருந்தாலும் உண்மையான பதில்.

அக்கம்பக்கத்தில் கேட்பவர்களிடம் தொகையைவிட வேலைப்பாட்டைப் பற்றிப் பேசுவது நல்லது. அதற்குச் சென்னையில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை கொலு. எங்கள் மேற்கு மாம்பலம் குடியிருப்பில் நவராத்திரி வெற்றிலைபாக்குக்கு வருகிறவர்கள் என் கண்ணாடி அலமாரி முன்னால் நிற்காமல் போவதில்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் தசாவதாரச் செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முகக்களையைத்தான் பார்க்கிறோம், ஒரு மில்லிமீட்டர் கண் விலகினாலும் அந்தப் பொம்மையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். எதிர்வீட்டு மாமி ஆண்டுதோறும் மரப்பாச்சி ஜோடிக்குப் புதுப் பட்டு உடுத்துகிறார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் பொம்மையின் பாவாடையை இரு விரலால் புரட்டி மடிப்புத் தையலைப் பார்த்தவர், “கரைக்கு என்ன செய்தாய்?” என்றுதான் கேட்டார்.

அது நல்ல கேள்வி, உண்மையிலேயே சிரமமான வேலை. மனித உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள உடம்புக்கு, சாதாரணப் புடவையின் கரையை வைத்தால் முழங்கால்வரை ஏறிவிடும். விரல்கடை அகலத்துக்கும் குறைவான ஜரிகை வேண்டும். கைக்குழந்தைப் பாவாடைத் துணியில் சில நேரம் கிடைக்கும், இல்லையென்றால் சௌகார்பேட்டை லேஸ் கடைகளில் தேட வேண்டும். துணியும் கனமாக இருக்கக் கூடாது, இருந்தால் மடிப்பு விழாமல் விறைத்து நிற்கும். இதையெல்லாம் பேசி முடித்த பிறகு மாமி விலையைக் கேட்டார், சொன்னேன். “ம்… முகம் கையால் எழுதியதா?” என்று மறுபடியும் பொம்மையிடம் திரும்பிவிட்டார். பேச்சு வேலைப்பாட்டில் தொடங்கினால் விலை அதன் இடத்தில் வந்து அமர்கிறது.

முகம் கையால் எழுதுவதுதான். பேஸ்டல் குச்சியைத் தூளாகச் சுரண்டி, மெல்லிய தூரிகையால் கன்னத்துக்கும் இமைக்கும் ஒற்றி, மேலே மேட் ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் அடுத்த அடுக்கு. புருவ மயிர் ஒவ்வொன்றும் தனிக் கோடு. சென்னையின் ஈரக்காற்றில் ஸ்ப்ரே வெண்புகை போலப் படிந்து முகமே மங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைத் தொடவே கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் காற்று சற்று உலர்ந்திருக்கும் நேரம் பார்த்து, மூச்சுக்கவசம் அணிந்து, மாடியில் செய்யலாம். கோடையில் எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. நிற்கும் பொம்மை மெல்ல முழங்கால் மடிந்து உட்கார்ந்தால் கயிறு மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். அலமாரி ஜன்னல் வெயிலுக்கு எதிரே இருக்கவே கூடாது.

“இதே முகம் இணையத்தில் கால் விலைக்குக் கிடைக்கிறதே?” என்றும் கேட்கிறார்கள். அது அசல் பொம்மையிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல். சிற்பி மாதக்கணக்கில் செதுக்கிய முகத்தை அவருக்கு ஒரு பைசா கொடுக்காமல் விற்கிறார்கள். அசலுக்கு விலை ஏன் அதிகம் என்றால், சிலிக்கோன் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துபோகும், ஒவ்வொரு உறுப்பையும் கையால் தேய்த்து மெருகேற்ற வேண்டும், ஆர்டர் வந்த பிறகுதான் வார்க்கிறார்கள். நான் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவையே அதிகம். பல நிறுவனங்கள் தவணைக்கும் ஒப்புக்கொள்கின்றன, நகைச்சீட்டுப் போலக் கட்டி முடித்ததும் பொருள் வரும். இதைப் பொறுமையாக விளக்குவதை நான் கடமையாகவே நினைக்கிறேன்.

கேட்டவர்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. தொகை அவருடைய பல மாதச் சம்பளம். “நிறைய” என்று மழுப்பலாம்தான், ஆனால் நேராகக் கேட்ட மனிதருக்கு அது மரியாதை ஆகாது என்று பட்டது. சொன்னேன். கூடவே, அலமாரியைத் துடைப்பது என் பொறுப்பு, அவர் இருக்கும்போது எது விழுந்தாலும் அது அவர் கணக்கில் வராது என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமா என்று கேட்டார். முகத்து வண்ணத்துக்கு ஆகாது என்றேன். அந்தத் தொகை அவர் மனத்தில் என்ன செய்தது என்பதை நான் ஊகித்து எழுத விரும்பவில்லை. அவருக்குச் சம்பள உயர்வு பற்றி நானே பேச்செடுத்தது அந்த மாதம்தான். பொம்மைக்குத் தவணை கட்ட முடிகிற வீட்டில் அது தள்ளிப்போகக் கூடாது.

அலுவலக நண்பர்கள், பயணத்தில் அறிமுகமானவர்கள் ஆகியோருக்குத் தொகை சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை. “கைபேசி விலை இருக்கும்” என்றால் போதும். கைபேசியிலும் எத்தனையோ விலை இருக்கிறது, அவரவர் புரிந்துகொள்வார்கள். பொம்மையின் படத்தோடு விலையைப் பொதுவெளியில் எழுதாதீர்கள், வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை ஏற்பாடு. ஒவ்வொரு பொம்மைக்கும் அதனுடன் வந்த சான்றிதழ், ரசீது, சுங்கம் கட்டிய தாள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே வாங்கிய ஆண்டையும் மொத்தச் செலவையும் தமிழில் எழுதி வைக்கிறேன். அசல் என்பதற்குச் சான்று இல்லையென்றால், பின்னாளில் விற்க நேரும்போது வாங்குகிறவர் தயங்குவார். உறைகள் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் அதே பீரோவில் இருக்கின்றன. சாவி எங்கே இருக்கிறது என்பது என் கணவருக்கும் மகளுக்கும் தெரியும்.