கல்லீரலுக்குச் செல் சிகிச்சை: ஒரு கிளினிக் அனுபவம்

அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிப் போகும் நோய். செல் ஏற்றினால் கல்லீரல் புதிதாக வளர்ந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வரவேற்பு பிரமாதம். ஆனால் நோயின் தீவிரத்தைக் காட்டும் மெல்ட் ஸ்கோர் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை; முன்பணம் பற்றித்தான் பேச்சு. எந்தச் செல், எந்த வழியாக ஏற்றுவீர்கள் என்றேன். மழுப்பினார்கள்.

அப்புறம் பொறுமையாக விளக்கியவர் எங்கள் பழைய மருத்துவர்தான். தானமாகக் கிடைத்த கல்லீரலிலிருந்து செல்களைப் பிரித்து, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவார்களாம். 1998இல் வெளியான ஆய்வில், கிரிக்லர்-நஜ்ஜார் என்ற பிறவி மஞ்சள்காமாலை நோயுள்ள சிறுமிக்கு இதில் ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் அந்த நோயில் குறைவது ஒரே ஒரு நொதி. சிரோசிஸ் அப்படியா? தழும்பேறிய கல்லீரலில் புதுச் செல் வேர் பிடிப்பதே கஷ்டம். போதாததற்கு, வேறொருவரின் செல்லை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை வேறு.

கிளினிக்குக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் அந்த மெத்தை நாற்காலிக்கு.