ஃப்ளாக் கட்டளை: மூன்று வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஒரே வேலை ஒரே நேரத்தில் இரண்டு தடவை ஓடக் கூடாது என்பதற்காக முன்பெல்லாம் பிஐடி கோப்புதான் (ஓடும் நிரலின் எண்ணைக் குறித்து வைக்கும் கோப்பு) வைத்திருந்தேன். ஸ்க்ரிப்ட் தொடங்கும்போது ஒரு கோப்பை உருவாக்கும், முடியும்போது அழிக்கும், கோப்பு ஏற்கனவே இருந்தால் பேசாமல் வெளியேறிவிடும். ஒருநாள் சர்வர் நடுவழியில் அணைந்துபோய் அந்தக் கோப்பு அப்படியே தங்கிவிட, அதற்கப்புறம் ஒன்பது நாள் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. அன்றைக்குத்தான் ஒரு கோப்பின் மேல் பூட்டு வாங்கிக்கொண்டு கட்டளையை ஓட்டும் ஃப்ளாக்குக்கு (flock) மாறினேன்.

யுட்டில்-லினக்ஸ் என்ற அடிப்படைக் கருவித் தொகுப்போடு வருவதால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் தனியாக நிறுவ வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் வரியில் உங்கள் கட்டளைக்கு முன்னால் ஃப்ளாக், மைனஸ் என் (பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் வெளியேறு என்று பொருள்), பூட்டுக் கோப்பின் பெயர், அவ்வளவுதான். அடியில் வேலை செய்வது 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்போடு வந்த அதே பெயருள்ள சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை). பூட்டு இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் இருக்கிறது, கோப்பு வட்டில் கிடக்கிறதா இல்லையா என்பது பொருட்டே இல்லை. கில் மைனஸ் 9 கொடுத்து நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தினாலும் மின்சாரம் போனாலும் பூட்டு தானாக விடுபட்டுவிடும். இந்த ஒன்றுக்காகவே இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இன்னொரு நல்ல விஷயம், போசிக்ஸ் பூட்டில் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையில் உள்ள இன்னொரு வகைக் கோப்புப் பூட்டு) இருக்கும் ஒரு மோசமான குணம் இதற்குக் கிடையாது. போசிக்ஸ் முறையில் உங்கள் நிரல் பயன்படுத்தும் ஏதோ ஒரு லைப்ரரி அதே கோப்பைத் திறந்து மூடினாலே போதும், அந்தக் கோப்பின் மேல் நீங்கள் வைத்திருந்த பூட்டெல்லாம் போய்விடும். ஃப்ளாக்கின் பூட்டு ப்ராசஸோடு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு) ஒட்டாமல், திறந்து வைத்த அந்தத் திறப்போடு ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் நான் மாட்டிக்கொண்டதும் அதே இடத்தில்தான். என் ஸ்க்ரிப்ட் பின்னணியில் ஒரு சேவையைத் தொடங்கிவிட்டு முடிந்துவிடும். திறந்திருந்த கோப்பு அந்தச் சேவைக்கும் வாரிசாகப் போய்விட்டதால் ஸ்க்ரிப்ட் முடிந்த பிறகும் பூட்டு விடுபடவில்லை, அடுத்த ஓட்டங்கள் எல்லாம் சத்தமில்லாமல் திரும்பிவிட்டன. பூட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்லாக்ஸ் போட்டுப் பார்த்தால் அது காட்டிய ப்ராசஸ் எண்ணில் எந்த ப்ராசஸும் உயிரோடு இல்லை, ஏனென்றால் பூட்டை முதலில் வாங்கியவரின் எண்தான் பதிவாகியிருக்கிறது. ஒரு கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃப்யூசரைப் பூட்டுக் கோப்பின் மேல் ஓட்டிய பிறகுதான் உண்மையாகப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று தெரிந்தது. இதற்கு மருந்து ஃப்ளாக்கின் மைனஸ் ஓ தெரிவு. கட்டளையை ஓட்டுவதற்கு முன் அந்தத் திறப்பை மூடிவிடுகிறது, பூட்டை ஃப்ளாக் மட்டும் வைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் பூட்டுக் கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று அழிக்காதீர்கள், தயவுசெய்து. ஒருவர் பழைய கோப்பில் பூட்டு வைத்திருக்கும்போது அதை அழித்தால், அடுத்து வருபவர் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி அதில் பூட்டு வாங்கிவிடுவார், இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவார்கள். காலியான கோப்பு, கிடந்துவிட்டுப் போகட்டும்.

இது வெறும் ஒப்பந்தப் பூட்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃப்ளாக்கைக் கேட்காமல் நேரே கோப்பில் எழுதும் நிரலை இது தடுக்காது. கட்டாயப் பூட்டு என்று ஒன்று லினக்ஸில் இருந்தது, அதையும் 5.15 கெர்னலில் எடுத்துவிட்டார்கள். மேக்கில் இந்தக் கட்டளை கூடவே வருவதில்லை. என்எஃப்எஸ் (வேறு கணினியின் வட்டை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை) மேல் வைத்தால் லினக்ஸ் அதைப் போசிக்ஸ் பூட்டாக மாற்றித்தான் சர்வருக்கு அனுப்புகிறது, அதனால் நான் பூட்டுக் கோப்பை எப்போதும் உள்ளூர் வட்டில்தான் வைக்கிறேன்.

ஒரே ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், பூட்டு கிடைக்காவிட்டால் வெளியேறும்போது இது தரும் முடிவு எண் 1. உங்கள் கட்டளை தோற்றாலும் பெரும்பாலும் அதே 1தான் வரும், எது நடந்தது என்று பிரித்தறிய வழியில்லை. அதற்கு மைனஸ் ஈ (பெரிய எழுத்து E) போட்டு, பூட்டு கிடைக்காததற்கு வேறொரு எண்ணை நாமே கொடுக்கலாம். நான் 75 கொடுக்கிறேன், அந்த எண் வந்தால் மட்டும் எனக்கு மின்னஞ்சல் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.