நாலு மெழுகுவர்த்தி, ஒரே சுவிட்ச்: புதுச்சேரி கடைகளில் கிடைக்கும் திருவருகை வளையம் வாங்கலாமா?

நவம்பர் கடைசி வாரம் மிஷன் வீதிப் பக்கம் ஸ்டார் தொங்கத் தொடங்கும்போதே, குடில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் 'அட்வென்ட் ரீத்' என்று எழுதிய அட்டைப்பெட்டிகளும் அடுக்கப்படுகின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூட்டி ஏற்ற, கோவிலில் பீடத்தருகே வைக்கும் வளையத்தின் வீட்டுப் பதிப்பு. பெரும்பாலும் இரண்டு வகைதான்: நிஜ மெழுகுவர்த்தி செருகும் இரும்பு வளையம் ஒன்று, பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் வளையம் இன்னொன்று. முதலிலேயே சொல்லிவிடலாம். பேட்டரி செட் வேண்டாம். இரும்பு செட் வாங்கலாம், ஆனால் உள்ளே இருப்பதில் பாதியை மாற்ற வேண்டும். கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் வில்லியனூர் சுடுமண் தட்டு இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பேட்டரி செட்டில் என்ன குறை? வளையத்துக்கு அடியில் ஒரே ஒரு சுவிட்ச். தட்டினால் நாலும் சேர்ந்து எரியும். பார்க்க அழகுதான், ஆனால் வளையம் வைப்பதன் காரணமே அதோடு போய்விடுகிறது. முதல் ஞாயிறு ஒன்று எரியும், மூன்று எரியாமல் நிற்கும். அந்த எரியாத மூன்றைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் திருவருகைக் காலம். 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்ததில்தான் இந்த வழக்கம் இப்போதைய வடிவம் பெற்றது. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, வாரநாட்களுக்குச் சின்ன சிவப்பு. கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு, நாள் எண்ணக் கொடுத்த கருவி அது. எல்லாம் முதல் நாளே எரிந்துவிட்டால் எண்ண என்ன இருக்கிறது?

விடுதி அறை, முதியோர் இல்லம், ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளி இருக்கும் வீடு என்று நெருப்பே கூடாத இடங்களுக்கு மட்டும் எல்.இ.டி. சரி. அங்கும் செட்டாக வாங்காமல், அடியில் தனித்தனி சுவிட்ச் உள்ள சின்ன எல்.இ.டி. விளக்குகள் நாலு வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பது பட்டன் செல். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

இரும்பு செட்டுக்கு வருவோம். பிரித்துப் பார்த்த செட்டில் இருந்தவை: சுமார் 25 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு பெயின்ட் அடித்த வளையம், 2.2 செ.மீ. அகலமும் 2 செ.மீ. ஆழமும் உள்ள நாலு குழி, 15 செ.மீ. மெழுகுவர்த்தி நாலு, குழியைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் ஊசியிலை, ஒரு துண்டுச்சீட்டு. வளையம் உறுதியானது, மேசையில் ஆடவில்லை. குறையெல்லாம் மற்றவற்றில்தான்.

முதலில் மெழுகுவர்த்தியின் நீளம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்கினால் நாலாவது வாரம் மாட்டிக்கொள்வீர்கள். 2026-இல் திருவருகைக் காலம் நவம்பர் 29 தொடங்குகிறது. அடுத்த ஞாயிறுகள் டிசம்பர் 6, 13, 20. தினமும் மாலை ஏற்றினால் 24-ஆம் தேதி வரை முதல் மெழுகுவர்த்தி 26 நாள் எரியும். இரண்டாவது 19 நாள், மூன்றாவது 12, நாலாவது வெறும் 5. இந்தப் பருமனுள்ள மெழுகுவர்த்தி மணிக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. கரையும். நாளுக்கு 15 நிமிடம் என்றால் முதலாவதுக்கு ஆறரை மணி நேரம், அதாவது 16 செ.மீ. வேண்டும். கையில் இருப்பதோ 15. நாளுக்கு 10 நிமிடமாகக் குறைத்தால் 11 செ.மீ. கரைந்து 4 செ.மீ. மிஞ்சும். அதில் 2 செ.மீ. குழிக்குள் போய்விடுகிறது. வெளியே 2 செ.மீ.தான், ஆனால் பிளாஸ்டிக் இலை குழிக்கு மேலே 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கேக்கும் துணியும் வாங்கும் அவசரத்தில் வீடே இருக்கும்போது, சுடர் பிளாஸ்டிக்கின் மட்டத்துக்கு இறங்கிவிடும். செட் செய்தவர்கள் ஒரு நாள் ஏற்றிப் பார்த்திருப்பார்கள், 26 நாள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிளாஸ்டிக் இலையை முதல் நாளே கழற்றி எறியுங்கள். முதல் இரண்டு இடத்துக்கு 20 செ.மீ. மெழுகுவர்த்தி வாங்குங்கள். மற்ற இரண்டுக்கு செட்டில் வந்ததே போதும். கடைசி வாரத்தில் நாலும் படிக்கட்டு மாதிரி நிற்பதுதான் அழகு, சமமாக்கப் பார்க்காதீர்கள். கடையில் தனியாக வாங்கும் மெழுகுவர்த்தி 2 செ.மீ. பருமன்தான் என்றால் குழிக்குள் ஆடும். காகிதம் சுற்றிச் செருகக் கூடாது. அலுமினியத் தாளை மடித்து, இடைவெளி நிறையும் அளவுக்குச் சுற்றிச் செருகினால் அசையாது. திரியை ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. அளவுக்கு நறுக்கிவிடுங்கள். திரி நீண்டால் புகை, கரி, ஒரு பக்கமாக வழிதல் எல்லாம் வரும். மின்விசிறி சுழன்றாலும் அதே கதைதான். டிசம்பர் மாலையில் பத்து நிமிடம் ஃபேன் இல்லாமல் உட்கார முடியும். அணைக்கும்போது ஊதினால் உருகிய மெழுகு மேசை விரிப்பில் தெறிக்கும். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து மூடினால் போதும்.

அடுத்தது நிறம். கத்தோலிக்க வழக்கப்படி மூன்று ஊதா, ஒரு ரோஸ். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு, அதாவது மகிழ்ச்சி ஞாயிறுக்கு. அன்று சாமியாரின் திருவுடையும் ரோஸாக இருக்கலாம். பாதி தூரம் வந்தாயிற்று என்ற சின்ன மூச்சு அது. கடை செட்டுகளில் நாலும் சிவப்பாக இருப்பதைப் பார்க்கலாம். லுத்தரன் மரபில் நாலும் ஒரே நிறமாக வைப்பதும் உண்டு என்பதால், ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமான கடலூர்ப் பக்கம் இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்று ரோஸ், ஒரு ஊதா என்று தலைகீழாக இருக்கும் செட் எந்த மரபுக்கும் பொருந்தாது. எண்ணிப் பார்த்து வாங்குங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளை மெழுகுவர்த்தியே வாங்கி, குழிக்கு வெளியே வளையத்தில் ஊதா ரிப்பன் மூன்றும் ரோஸ் ரிப்பன் ஒன்றும் கட்டிவிடுங்கள். கிரேயானை உருக்கி மெழுகுவர்த்திக்கு நிறம் ஏற்றும் யோசனை பல வீடியோக்களில் வருகிறது. அதை நம்ப வேண்டாம். கிரேயானின் நிறமி திரியை அடைத்து, சுடர் பாதியில் மங்கி அணைந்துவிடும்.

துண்டுச்சீட்டு விஷயத்தில் ஒன்று. முதல் மெழுகுவர்த்திக்கு நேராக 'நம்பிக்கை' என்று அச்சிட்டிருந்தது. பேச்சு வழக்கில் சரி. ஆனால் நம் கோவில் தமிழில் நம்பிக்கை என்றால் விசுவாசம். இங்கே வர வேண்டிய சொல் எதிர்நோக்கு. சின்னத் திருத்தம்தான், ஆனால் இந்த நாலு வாரத்தின் சாரமே அந்தச் சொல்லில் இருக்கிறது. சீட்டை ஒதுக்கிவிட்டு அந்தந்த ஞாயிறு நற்செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். 2026 நவம்பரில் தொடங்குவது அதில் இரண்டாம் ஆண்டு. முதல் ஞாயிறு மாற்கு 13:33-37. வீட்டுத் தலைவர் எந்த நேரம் திரும்புவார் என்று தெரியாமல் வாயில் காவலர் விழித்திருக்கும் உவமை. ஐந்தே வசனம், படிக்க ஒரு நிமிடம் ஆகாது. அடுத்து மாற்கு 1:1-8, பிறகு யோவான் 1:6-8, 19-28, கடைசியில் லூக்கா 1:26-38. முதல் ஞாயிறு நற்செய்தியில் குழந்தை இயேசுவே இல்லை என்பதைக் கவனியுங்கள். டிசம்பர் 16 வரை திருவழிபாட்டின் அழுத்தம் இயேசு மீண்டும் வரும் இரண்டாம் வருகையில்தான். 17 முதல்தான் பெத்லகேம் பக்கம் திரும்பும். ஸ்டாரும் குடிலும் முதல் வாரமே வந்துவிடுவதால் நமக்கு இந்த வேறுபாடே மறந்துபோகிறது. குடில் முன்கூட்டிக் கட்டுவதில் தப்பில்லை. குழந்தை பொம்மையை மட்டும் 24 இரவு வரை டப்பாவுக்குள்ளேயே வையுங்கள்.

பச்சை இலைக்கு ஊசியிலை மரம் தேடி அலைய வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கடலோரம் முழுக்கச் சவுக்குதான். பார்வைக்கு அசல் ஊசியிலை. ஆனால் காய்ந்த சவுக்கு பற்றிக்கொள்ளும் வேகம் அடுப்பெரித்த எல்லாருக்கும் தெரியும். வைத்தால் சனிக்கிழமைதோறும் மாற்ற வேண்டும். குழியைச் சுற்றி 5 செ.மீ. இடம் விட்டு, வளையத்தின் வெளி விளிம்பில் மட்டும் கட்ட வேண்டும். புன்னை இலை இன்னும் நல்லது. தடிப்பு, பளபளப்பு, சீக்கிரம் வாடாது. அரளி அழகாக இருந்தாலும் விஷம். குழந்தைகள் கை படும் இடத்தில் வேண்டாம்.

இனி சுடுமண் தட்டு. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது, வட்டமான ஒரு சுடுமண் தட்டும் ஐந்து அகலும் வாங்கினால் வேலை முடிந்தது. கார்த்திகை தீபத்தை ஒட்டி அகல் தெருவெல்லாம் கிடைக்கும். தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் பரப்புங்கள். நாலு அகலை விளிம்பில் புதைத்து, கிறிஸ்துமஸ் இரவில் ஏற்ற நடுவில் ஒன்று வையுங்கள். புது அகலை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் எண்ணெய் குடிக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு பஞ்சுத் திரி. பத்து நிமிடத்துக்கு அதுவே அதிகம். நீளம் குறைகிற பிரச்சினை இல்லை, வழிவது இல்லை, மணல் இருப்பதால் சாய்ந்தாலும் பயமில்லை. ஒரே குறை, எண்ணெய் விட்ட அகலை மறுநாள் காலையில் துடைக்காவிட்டால் எறும்பும் தூசியும் சேரும்.

எதை வாங்கினாலும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டி பரணுக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பொருள் அல்ல, நேரம்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் கேரல் ரவுண்ட்ஸ் வரும், அரையாண்டுத் தேர்வுப் படிப்பு வரும், நேரு வீதியில் துணி எடுக்கப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். மாலை மூவேளை செபம் சொல்லும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் நிற்கும். டிவியையும் டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு, இருட்டில் அரை நிமிடம் சும்மா இருங்கள். வீட்டில் சின்னவர் ஏற்றட்டும், பெரியவர் பக்கத்தில் நிற்கட்டும். வாசகம், இரண்டு நிமிட மௌனம், ஒரு பரலோக மந்திரம். பாட்டு தெரிந்தால் பாடலாம், கிறிஸ்துமஸ் பாட்டை மட்டும் இன்னும் எடுக்காதீர்கள். டிசம்பர் 8 சம்பா கோவில் திருவிழா போன்ற நாட்களில் தவறினால் தவறட்டும். மறுநாள் இருபது நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டியதில்லை.

மழைக்காலம் என்பதையும் மறக்காதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விடிந்தால் முதல் ஞாயிறு. கரண்ட் போனால் கைக்கு முதலில் அகப்படுவது வளையத்து மெழுகுவர்த்திதான். ஒரே இரவில் நாலும் கரைந்துவிடும். அவசரத்துக்குத் தனியாக ஒரு பாக்கெட் வெள்ளை மெழுகுவர்த்தி வாங்கி வேறு இடத்தில் வையுங்கள்.

24 கதவுள்ள சாக்லேட் காலண்டரும் இப்போது சூப்பர் மார்க்கெட்டுகளில் தலைகாட்டுகிறது. அது டிசம்பர் 1-இல் தொடங்குகிறது. திருவருகைக் காலமோ நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த ஞாயிறும் தொடங்கலாம். சாக்லேட்டாக நினைத்து வாங்கினால் குறையில்லை.

நடுவில் வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தி பல செட்டுகளில் வருவதில்லை. 5 செ.மீ. பருமனுள்ளதாக ஒன்று தனியாக வாங்கி, குழியில் அல்லாமல் தட்டையான பீங்கான் தட்டில் நிறுத்துங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து ஏற்றுவது அதைத்தான். பண்டிகை முடிந்ததும் வளையத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தால் கடல்காற்றுக்குத் துரு ஏறாது. மிச்ச மெழுகுவர்த்திகளைக் காகிதத்தில் தனித்தனியே சுற்றி, மொட்டைமாடிக்குக் கீழிருக்கும் பரணில் போடாமல், கீழ் அலமாரியில் படுக்கவையுங்கள். பரணில் போட்டு மே மாதச் சூட்டில் வளைந்துபோயிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, சப்பாத்திப் பலகையில் உருட்டினால் நேராகிவிடும்.