காரில் தங்க நேர்ந்தால் இரவில் எங்கே நிறுத்துவது? கலிபோர்னியாவில் உள்ள வழிகள்

வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு, வேறு வீடு அமையும் வரை காரிலேயே காலம் தள்ளுபவர்கள் கலிபோர்னியாவில் ஏராளம். இரவில் காரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது, அவர்கள் வசதியைவிட அனுமதியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரை இழுத்துச் சென்றுவிட்டால், அதை மீட்க இழுவைக் கட்டணத்தோடு நாள்தோறும் ஏறும் காப்புக் கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும். அதுவரை படுக்க இடமும் இராது, வேலைக்குப் போக வண்டியும் இராது.

அந்த வகையில் தெருவோரமே மிகவும் ஆபத்தானது. காரில் வசிப்பதைத் தடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விதியை, அது தெளிவற்றது என்று கூறி 2014-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது; ஆனால் 2017-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி, குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை காரில் தங்குவதைத் தடை செய்தது. இத்தகைய விதிகள் நகரத்துக்கு நகரம் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். தவிர, 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியைப் பல நகரங்களில் அகற்றிவிடலாம்.

வால்மார்ட் போன்ற கடைகளின் வாகன நிறுத்தங்களில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உண்டு. எனினும், அங்கே தங்க விடுவது அந்தந்தக் கிளை மேலாளரின் விருப்பத்தையும் உள்ளூர் விதியையும் பொறுத்தது என்பதால், உள்ளே சென்று கேட்டுவிட்டுத் தங்குவதே நல்லது.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கழிப்பறை, குடிநீர், விளக்கு ஆகியவை இருக்கும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் வரை தங்கலாம், கூடாரம் மட்டும் அடிக்கக் கூடாது. ஆனால் இவை பெரும்பாலும் நகருக்கு வெளியே இருப்பதால், நகரில் வேலை பார்ப்பவருக்கு மிச்சம் பிடிக்கும் பணத்தில் பெரும்பகுதி பெட்ரோலுக்கே போய்விடும். தேசியக் காடுகளிலும் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் நிலங்களிலும் பெரும்பாலும் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்க முடியும். ஆனால் செல்பேசிச் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்துகொண்டு வேலை தேடுவது கடினம்.

இவை எல்லாவற்றையும்விட நான் மேலாகக் கருதுவது, சேஃப் பார்க்கிங் எனப்படும் அனுமதி பெற்ற நிறுத்தங்களையே. சாண்டா பார்பராவில் 2004-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் வாகன நிறுத்தங்களை இரவு நேரத்தில் திறந்து விடுகின்றன. மாலையில் வந்து காலையில் கிளம்பிவிட வேண்டும். இடம் உடனே கிடைக்காமல் காத்திருக்க நேரலாம். ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு ஆகியவற்றையும் பல இடங்களில் கேட்பார்கள். ஆயினும், வேறு வீடு தேடித் தர உதவும் பணியாளர்கள் கிடைப்பது இங்கேதான். 211 என்ற எண்ணை அழைத்தால் உள்ளூர் விவரம் தெரியவரும். காரை இழக்கும் முன்பே, கையில் ஆவணங்கள் சரியாக இருக்கும்போதே பதிவு செய்துகொள்வது நல்லது.

எங்கே தங்கினாலும் எஞ்சினை ஓட விட்டுத் தூங்கவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குக் கனமான போர்வையை நம்புங்கள். எதிரெதிர்ப் பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டை ஒரு விரற்கடை இறக்கி வைத்தால், மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே படிந்து காலையில் படுக்கை நனைந்திருக்கும் நிலை பெரும்பாலும் நேராது.

குழந்தைகள் உடன் இருந்தால், அவர்களின் பள்ளிக்கு அருகில் உள்ள நிறுத்தத்தையே முதலில் தேடுங்கள். காரில் தங்கும் பிள்ளைகள் அதே பள்ளியில் தொடர்ந்து படிக்கவும், முகவரிச் சான்று இல்லாமலே சேரவும் 1987-ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டம் உரிமை தருகிறது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்றே ஓர் அலுவலர் இருக்கிறார்.