கடலோரத்தில் தங்குவதா, குன்றின் மேல் தங்குவதா: தென் பிரான்சில் ஒரு வாரம்

நீஸ் நகரை ஒட்டிய கடற்கரையில் ஒரு வார விடுமுறை என்று முடிவானபோது, கடலோர ஊரில் அறை எடுப்பதா அல்லது குன்றின் உச்சியில் உள்ள பழைய மதில் ஊர்களில் ஒன்றில் எடுப்பதா என்பதில் எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. கடைசியில் ஐந்து இரவுகள் கடலோரத்து வில்ஃப்ரான்ஷிலும், இரண்டு இரவுகள் குன்றின் மேலுள்ள சென் போல் த வான்ஸிலும் தங்கினோம். செப்டம்பர் மாதம், கார் இல்லை, முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வந்திருந்தார். பின்வரும் அலசலை இந்த மூன்றையும் மனத்தில் கொண்டே படிக்க வேண்டும்.

அழகைப் பொறுத்தவரை இரண்டுக்கும் குறையில்லை. கடலோரத்தில் நீல நிற விரிகுடாவும், குன்றின் மேல் கல் பாவிய சந்துகளும் அஞ்சலட்டைகளில் காண்பது போலவே இருக்கின்றன. நீஸின் கடற்கரை மணலால் ஆனதல்ல, முழுவதும் கூழாங்கல் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது பாதங்களுக்கு நல்லது.

எங்கள் தேர்வைத் தீர்மானித்தது போக்குவரத்து, அதிலும் குறிப்பாக மாலையில் அறைக்குத் திரும்பும் வழி. 1864இல் நீஸை எட்டிய இருப்புப்பாதை, 1868இல் மொனாக்கோவரை கடலின் விளிம்பை ஒட்டியே நீட்டப்பட்டது. இன்றும் வட்டார ரயில்கள் அதே தடத்தில்தான் ஓடுகின்றன. வில்ஃப்ரான்ஷில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் நீஸ். எதிர்த்திசையில் மொனாக்கோவும், எலுமிச்சைக்குப் பேர்போன மான்தோனும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்ற நிம்மதியில், மாலை உணவை எந்த ஊரிலும் அவசரமின்றி முடிக்க முடிந்தது.

குன்றின் மேலுள்ள ஊர்களுக்கு இந்த வசதி இல்லாததில் வியப்பில்லை, ஏனெனில் எதிரிகள் எளிதில் வந்து சேரக் கூடாது என்பதற்காகவே அவை அத்தனை உயரத்தில் கட்டப்பட்டன. ஏஸ் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஊரோ நானூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒற்றையடிப் பாதைக்கு, அதில் நடந்த தத்துவ அறிஞர் நீட்சேயின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றேகால் மணி நேர ஏற்றம், அம்மாவுக்கு அது வழியே அல்ல. பேருந்தில் சென்று, பதினான்காம் லூயியின் ஆணையால் 1706இல் இடிக்கப்பட்ட கோட்டையின் சிதைவுகளிடையே அமைந்த கள்ளித் தோட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தோம். திரும்பும்போதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேருந்துகள் குறைவு. வந்த ஒன்றும் நிரம்பி வழிந்ததால் நிற்காமலே போய்விட்டது. அறை மேலேயே இருந்து, தினமும் இதற்கு எதிர்த்திசையில் காத்திருக்க நேர்ந்திருந்தால் விடுமுறையில் பாதி நிறுத்தத்திலேயே கழிந்திருக்கும்.

சென் போலுக்கும் ரயில் இல்லை. காஞ் சுர் மேரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். மதிலுக்குள் கார்கள் பெரும்பாலும் நுழைவதில்லை என்பதால், சக்கரப் பெட்டியைக் கல் பாவிய சந்தில் இழுத்துச் செல்வது நம் தலையில் விழுகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பகல் கூட்டம் இறங்கிப் போன பின் அந்த ஊர் வேறு ஊராகிவிடுகிறது. ஓவியக் கடைகள் மூடிய சந்துகளில் எங்கள் காலடி ஓசை மட்டுமே கேட்டது. காலையில் ஓவியர் ஷகாலின் கல்லறையருகே நாங்கள் மட்டுமே நின்றோம். பகலில் வந்து போகிறவர்களுக்கு இது வாய்க்காது.

வில்ஃப்ரான்ஷும் குறையற்றதல்ல. பழைய ஊர் முழுவதும் படிக்கட்டுகள். பயணியர் கப்பல் விரிகுடாவில் நங்கூரமிடும் நாளில் துறைமுகத்து உணவகங்களில் இடம் கிடைப்பது அரிது. உணவு விஷயத்தில், சைவர்களுக்கு நீஸ் பக்கத்துச் சோக்கா கைகொடுக்கும்: கடலை மாவைக் கரைத்து விறகடுப்பில் சுட்ட, நம் அடைக்கு ஒன்றுவிட்ட உறவு. வெங்காய ரொட்டி போலத் தோன்றும் பிஸ்ஸலாடியேரில் நெத்திலி வகை மீன் சேர்ந்திருக்கும் என்பதால் எச்சரிக்கை தேவை.

சொந்தமாகக் கார் ஓட்டுபவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. பேருந்துக் கவலை நீங்கினால் குன்றின் பக்கம் தட்டு சற்றுச் சாயக்கூடும். நெரிசல் மிகுந்த ஆகஸ்டில் ரயில்களும் இவ்வளவு இதமாக இருக்குமென்று நான் உறுதி தரமாட்டேன். மறுமுறை வாய்த்தால் கடலோரத்தில் ஆறு இரவுகள் தங்கி, பெரிய பெட்டிகளை அந்த விடுதியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு, ஒரு மாற்றுடையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கடைசி ஓர் இரவுக்கு மட்டும் சென் போலுக்கு ஏறுவோம். அந்த இரவு ஞாயிறாக இராதபடி பார்த்துக்கொள்வோம்.